ஆண்டறிக்கையில வராத வரி: செங்கல்பட்டு கத்தோலிக்கப் பள்ளிகளோட வருஷக் கடைசி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

ஸ்கூல் ஆண்டு விழாவை ஒரு நிமிஷம் ஞாபகப்படுத்திப் பாருங்க. டான்ஸ் ஞாபகம் வரும். மைக் கீச்சுனு கத்தினது ஞாபகம் வரும். மேக்கப் போட்டுக்கிட்டு முகம் அரிக்க அரிக்க மேடைக்குப் பின்னாடி நின்னது ஞாபகம் வரும். ஆனா நடுவுல ஒரு பதினஞ்சு நிமிஷம் யாருக்குமே ஞாபகம் இருக்காது. தலைமை ஆசிரியர் ஆண்டறிக்கை வாசிக்கிற நேரம் அது. இத்தனை மாணவர்கள், இத்தனை ஆசிரியர்கள், பொதுத்தேர்வுல இத்தனை சதவீதம், மாவட்ட அளவு கபடியில இரண்டாம் இடம். அப்பா அம்மாக்கள் விசிறிக்கிட்டு இருப்பாங்க. முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற சின்னப் பசங்க தூங்கிடுவாங்க.

நான் படிச்சது செங்கல்பட்டுல ஒரு கத்தோலிக்க ஸ்கூல். அங்கயும் இதேதான். ரொம்ப வருஷம் கழிச்சுதான் எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு: ஒரு கொண்டாட்டத்துக்கு நடுவுல யாரு, எதுக்காகக் கணக்கு வாசிக்க ஆரம்பிச்சாங்க? அதைத் தேடிப் போனப்போ ஆண்டு விழா, ஹவுஸ், கிறிஸ்துமஸ் குடில், மாமல்லபுரம் டூர், கடைசி நாள் டிசினு எல்லாத்துக்கும் தனித்தனியா ஒரு வரலாறு இருக்கறது தெரிஞ்சுது. அந்தக் கணக்குல எப்பவுமே வராத ஒரு வரியும் இருக்கு. இந்த எபிசோட் அந்த வரியைத் தேடித்தான் போகுது.

மேடை எங்கிருந்து வந்துச்சு

முதல்ல பரிசளிப்பு. பேரைக் கூப்பிடுவாங்க, நடந்து போகணும், சிறப்பு விருந்தினர் கையால வாங்கணும், எல்லாரும் கை தட்டுவாங்க. இதுக்கு ஒரு பழைய விதிப்புத்தகம் இருக்கு. 1599ல இயேசு சபை, அதாவது ஜெசூட் பாதிரியார்கள், தங்களோட உலகம் பூராவும் இருந்த பள்ளிகளுக்கு 'ராட்டியோ ஸ்டுடியோரம்'னு ஒரு கல்வித் திட்டம் வெளியிட்டாங்க. அதுல பரிசுகளுக்குன்னே தனிப் பகுதி உண்டு. மேல் வகுப்புக்கு எட்டுப் பரிசு: லத்தீன் உரைநடைக்கு இரண்டு, லத்தீன் செய்யுளுக்கு இரண்டு, கிரேக்கத்துக்கும் அதே மாதிரி. பரிசு கொடுக்கிற அன்னிக்கு ஜெயிச்சவங்க பேரை எல்லார் முன்னாடியும் உரக்க அறிவிக்கணும், அவங்க நடுவுல வந்து வாங்கிக்கணும்னு அதுலயே எழுதியிருக்கு. நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நாம இன்னும் அப்படியே நடந்து போய்த்தான் வாங்கறோம்.

நாடகத்துக்கும் விதி இருந்துச்சு. நாடகம் லத்தீன்லதான் இருக்கணும், எப்பவாவது ஒரு தடவைதான் போடணும், பக்தியான கதையா இருக்கணும், பெண் வேஷமே கூடாது. நம்ம ஊருக்கு வந்ததும் இந்த விதி மட்டும் நிக்கல. ஆண்கள் பள்ளி ஆண்டு விழாவுல புடவை கட்டின பையன் வராத வருஷம் உண்டா என்ன?

தமிழ்நாட்டுல இந்த ஜெசூட் மரபோட பெரிய மையம் திருச்சி செயின்ட் ஜோசப்ஸ். 1844ல நாகப்பட்டினத்துல ஆரம்பிச்சு, 1883ல திருச்சிக்கு மாறினது. சென்னையில லயோலா கல்லூரி 1925ல வந்துச்சு. ஆனா செங்கல்பட்டு பக்கம் கதை கொஞ்சம் வேற. இந்தப் பகுதி மறைமாவட்டத்துக் குருக்களோட பொறுப்பு. 1606ல போர்த்துக்கீசியர் காலத்துல உருவான மயிலாப்பூர் மறைமாவட்டம் ஒரு பக்கம், சென்னை மறைமாவட்டம் இன்னொரு பக்கம்னு ரொம்ப நாள் இரண்டு நிர்வாகம். 1952லதான் இரண்டும் ஒண்ணா சேர்ந்து சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் ஆச்சு. செங்கல்பட்டுக்குத் தனி மறைமாவட்டம் கிடைச்சது 2002ல.

அந்த இணைப்பு நடந்தப்போ பேராயரா இருந்தவர் லூயி மத்தியாஸ். 1935ல இருந்து 1965ல இறக்கிற வரைக்கும் சென்னையில பேராயர். அவர் சலேசிய சபைக்காரர், அதாவது டான் போஸ்கோவோட ஆளு. டான் போஸ்கோவோட கல்வி முறையில மைதானமும் பாட்டும் நாடகமும் வகுப்பறை அளவுக்கு முக்கியம். பையனை விளையாட விடு, கூடவே ஆசிரியரும் விளையாடு, அப்புறம் பாடம் தானா ஏறும்னு நம்பினவர் அவர். ஃபாதர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கிட்டு பசங்களோட ஃபுட்பால் ஆடறதை நீங்க பார்த்திருந்தா, அந்த மரபோட ஒரு துண்டைப் பார்த்திருக்கீங்க.

அப்போ சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் ஹவுஸ்? அது ரோம்ல இருந்து வரல. இங்கிலாந்து விடுதிப் பள்ளிகள்ல பசங்க தங்கியிருந்த வீடுகள்ல இருந்து வந்துச்சு. நம்ம பள்ளிகள்ல வீடு கிடையாது, பேரு மட்டும் வந்துச்சு. கத்தோலிக்கப் பள்ளிகள் அதுக்குப் புனிதர்கள் பேரை வச்சுக்கிட்டாங்க. ஆக ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு மைதானத்துல இத்தாலியும் இங்கிலாந்தும் சேர்ந்துதான் ஓடுது, நாம செங்கல்பட்டு வெயில்ல அதுக்குக் கை தட்டறோம்.

கணக்கு கேட்டது யாரு

இப்போ அந்த ஆண்டறிக்கைக்கு வருவோம். 1854ல லண்டன்ல இருந்து வுட்ஸ் டெஸ்பாட்ச்னு ஒரு கொள்கை ஆவணம் வந்துச்சு. அதோட முக்கியமான யோசனை என்னன்னா, எல்லாப் பள்ளியையும் அரசாங்கமே நடத்த முடியாது, மத்தவங்க நடத்தறதுக்கு மானியம் கொடுக்கலாம். மிஷன் பள்ளிகள் பெருகினதுக்கு இது ஒரு பெரிய காரணம். ஆனா மானியம் சும்மா வராது. வருகைப் பதிவேடு வேணும், வரவு செலவு வேணும், இன்ஸ்பெக்டர் வருவார். 19ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில சென்னை மாகாணத்துல 'ரிசல்ட் கிராண்ட்'னு ஒரு முறையே இருந்துச்சு: இன்ஸ்பெக்டர் வந்து பசங்களைச் சோதிப்பார், எத்தனை பேர் தேறினாங்களோ அதுக்கேத்த பணம்.

இங்கிலாந்துப் பள்ளிகள்ல வருஷ விழா அன்னிக்குத் தலைமை ஆசிரியர் புரவலர்கள் முன்னாடி அறிக்கை வாசிக்கிற வழக்கம் உண்டு. அந்த வழக்கமும் இந்த மானியக் கணக்கும் நம்ம ஊர் மேடையில ஒண்ணா சேர்ந்துச்சுனுதான் நான் புரிஞ்சுக்கறேன். சிறப்பு விருந்தினரா கல்வி அதிகாரியைக் கூப்பிடறதும் இதோட ஒட்டினதுதான். அரசு உதவி பெறும் பள்ளின்னு பெயர்ப்பலகையில நாம பார்க்கிறோமே, அந்த உறவுக்கு வயசு 150க்கும் மேல.

ஒரு பள்ளி தன்னையே எண்ணிப் பார்க்கிற வழக்கம் இப்படி வந்துச்சு. அடுத்த கேள்வி, எண்ணும்போது யாரு உள்ள இருந்தாங்க, யாரு வெளிய இருந்தாங்கங்கறது. அதுக்கு ஒரு தடவை கடற்கரைக்குப் போயிட்டு வரணும்.

கோவளத்துல ஒரு வியாபாரி

மாமல்லபுரத்துக்கு வடக்க, ஈசிஆர்-ல அரை மணி நேரம் போனா கோவளம். சர்ஃபிங் பண்ணப் போயிருப்பீங்க. கோயில், தர்கா, தேவாலயம் மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கிற ஊர் அது. அங்க இருக்கிற கார்மேல் மாதா தேவாலயத்தை 1808ல கட்டினவர் ஜான் டி மாண்டி, சென்னையில பெரிய அளவுல வியாபாரம் பண்ணின போர்த்துக்கீசிய வம்சாவளிக்காரர்.

பேரு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? ஆமா, 'டிமான்ட்டி காலனி'. ஆழ்வார்பேட்டையில அவர் பேர்ல இருந்த அந்தத் தெருவை வச்சுத்தான் 2015ல பேய்ப்படம் வந்துச்சு. படத்துல அவர் பேய். நிஜத்துல அவர் 1821ல இறந்து, கோவளத்துல தான் கட்டின கோயில்லயே அடக்கம் ஆனவர். தன்னோட சொத்துல பெரும் பகுதியைத் திருச்சபையோட அறப்பணிக்கு எழுதி வச்சுட்டுப் போனார்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, இந்தக் கடற்கரையில கத்தோலிக்க நிறுவனங்கள் ஒரே நாள்ல, ஒரே கையால வரல. கொஞ்சம் வியாபாரிப் பணம், கொஞ்சம் போர்த்துக்கீசிய அதிகாரம், அப்புறம் ஆங்கிலேய மானியம், அதுக்கும் மேல உள்ளூர் மக்களோட உழைப்பு. முதல் மூணுக்கும் ஆவணம் இருக்கு, கல்வெட்டு இருக்கு. நாலாவதுக்குப் பெரும்பாலும் கிடையாது.

1891, செங்கல்பட்டு

அந்த நாலாவது ஆட்களைப் பத்தி ஒரு கலெக்டர் எழுதி வச்சார். 1891ல செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் ட்ரெமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களோட நிலைமையைப் பத்தி அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். அதுவும் ஒரு கணக்குதான். ஆனா மேடையில வாசிக்கிற கணக்கு இல்ல. நிலம் கிடையாது. குடியிருக்கிற மனைகூட நிலக்கிழார் நினைச்சா போயிடும். கடனுக்கு அடமானமா பரம்பரை பரம்பரையா பண்ணையாள் வேலை. பையன் மாடு மேய்ச்சாத்தான் வீட்டுல கஞ்சி, அப்புறம் எங்க பள்ளிக்கூடம் போறது?

அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30ஆம் தேதி, எண் 1010னு ஒரு அரசாணை வந்துச்சு. தரிசு நிலத்தை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோட கொடுக்கலாம்னு சொன்ன ஆணை. அப்படிக் கொடுத்ததைத்தான் பஞ்சமி நிலம்னு சொல்றோம். பத்து வருஷத்துக்கு விக்கக் கூடாது, அதுக்கப்புறம் வித்தாலும் அதே மக்களுக்குத்தான் விக்கணும். மாகாணம் பூரா 12 லட்சம் ஏக்கர்னு பொதுவா சொல்ற கணக்கு. அடுத்த வருஷமே, 1893ல, இந்த மக்களோட கல்விக்காகத் தனி அரசாணையும் வந்துச்சு. நிலமும் பள்ளிக்கூடமும் ஒரே பிரச்சினையோட இரண்டு பக்கம்னு அன்னிக்கே புரிஞ்சிருந்துச்சு.

செங்கல்பட்டுல அப்போ ஆடம் ஆண்ட்ரூனு ஸ்காட்லாந்து மிஷனரி ஒருத்தர் இதே விஷயத்துக்காகத் தொடர்ந்து எழுதினார். அவர் புராட்டஸ்டன்ட். கத்தோலிக்கர்களும் கிராமங்கள்ல பள்ளி நடத்தினாங்க. இந்த மாவட்டத்தோட உள்கிராமங்கள்ல கத்தோலிக்கர்கள்ல பெரும் பகுதி தலித் மக்கள்தான்.

இங்க ஒண்ணை மறைக்காம சொல்லணும். தேவாலயத்துக்குள்ளயும் சாதி இருந்துச்சு. தெக்க வடக்கன்குளத்துல 1872ல கட்டின கோயில், சாதிக்கு ஒரு பக்கம்னு இரண்டு பிரிவா, நடுவுல தடுப்போட இருந்துச்சு. 1910ல அந்தத் தடுப்பை இடிச்சப்போ வழக்கு கோர்ட் வரைக்கும் போச்சு. கான்வென்ட் பள்ளியில, மடத்துல சாதி எப்படி நடமாடுதுன்னு எழுத்தாளர் பாமா 1992ல வந்த 'கருக்கு'ல எழுதினாங்க. ஒரே பெஞ்சுல உட்கார வச்சதுதான் இந்தப் பள்ளிகளோட பெருமை. பெஞ்சை விட்டு எழுந்ததும் என்ன ஆச்சுங்கறதுதான் மிச்சக் கதை.

பஞ்சமி நிலக் கதையும் 1892லயே முடியல. நிலம் கை மாறிப் போச்சு. நூறு வருஷம் கழிச்சு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல காரணைங்கற கிராமத்துல அந்த நிலத்தை மீட்கறதுக்குப் போராட்டம் நடந்துச்சு. 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டுல நடந்த ஆர்ப்பாட்டத்துல போலீஸ் துப்பாக்கிச் சூடு. இரண்டு பேர் இறந்தாங்க. ஜான் தாமஸ், ஏழுமலை. இந்த இரண்டு பேரையும் ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில இதுக்குத் திரும்பி வருவேன்.

டிசம்பர்: குடில், முகாம், கடல்

நமக்கு வருஷக் கடைசி இரண்டு தடவை வரும். ஒண்ணு டிசம்பர், இன்னொண்ணு மார்ச். கத்தோலிக்கப் பள்ளியில டிசம்பர்தான் பெருசு. அரையாண்டுத் தேர்வு ஒரு பக்கம், குடில் போட்டி இன்னொரு பக்கம். வைக்கோல், செம்மண், பழைய சிமென்ட் சாக்கு, கடுகு முளைக்க வச்சுப் புல்வெளி. குடில் கட்டற கும்பல்ல பாதிப் பேர் இந்துப் பசங்க, முஸ்லிம் பசங்க. பிள்ளையார் சதுர்த்திக்குக் குடை செஞ்ச கைதான் மாட்டுத் தொழுவத்துக்கும் கூரை போடும். அப்புறம் 'கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்' விளையாட்டு: சீட்டு எடுத்து, யாருக்கோ தெரியாம யாரோ பரிசு வச்சுக்கிட்டே இருப்பாங்க. பத்து ரூபாய் பேனாவை வாங்கிட்டு, யாரு வச்சதுன்னு ஒரு வாரம் மண்டையைப் பிச்சுக்குவோம்.

இதுக்குப் பின்னாடி ஒரு மாணவர் இயக்க வரலாறும் இருக்கு. பெல்ஜியத்துல ஜோசப் கார்டைன்னு ஒரு குரு, ஆலைக்குப் போற இளைஞர்களுக்காக 1925ல ஒரு அமைப்பு ஆரம்பிச்சார். அவர் சொன்ன வழி மூணே வார்த்தை: பார், சிந்தி, செயல்படு. இதே வழியை மாணவர்களுக்குக் கொண்டு வந்ததுதான் ஒய்.சி.எஸ்.னு நாம சொல்ற இளம் மாணவர் இயக்கம். கல்லூரி மட்டத்துல அதுக்கு முன்னாடியே, 1924ல, ஜெசூட் குரு கார்ட்டி சென்னையில ஆரம்பிச்சது ஐக்கஃப். பின்னாடி அதோட ஆலோசகரா இருந்தவர் பியர் செராக். 1914ல பிரான்ஸ்ல பிறந்து, 1937ல இந்தியா வந்து, 2012ல சென்னையில இறந்தவர். மாணவர்களைக் குடிசைப் பகுதிக்கும், மானாமதுரை மாதிரி வறண்ட பூமிக்கும் வேலை செய்யக் கூட்டிட்டுப் போனவர். விடுமுறைன்னா முகாம், முகாம்னா மண்வெட்டிங்கற பழக்கம் அங்கிருந்து பள்ளிகளுக்கும் இறங்கி வந்துச்சு.

'பார்'ங்கற முதல் வார்த்தைதான் எனக்கு முக்கியமா படுது. ஏன்னா நாங்க டூர் போனப்போ நிறையப் பார்த்தோம், ஆனா எதையும் சரியா பார்க்கல.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம். பஸ்ல முன்னாடி ஃபாதர், பின்னாடி பாட்டு, நடுவுல புளிசாதம். 1984ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல வந்த இடம். அர்ச்சுனன் தபசு முன்னாடி ஒரு குரூப் ஃபோட்டோ, வெண்ணெய்ப் பாறையைத் தள்ற மாதிரி ஒரு ஃபோட்டோ. 1957ல இருந்து அங்க அரசு சிற்பப் பள்ளி ஒண்ணு இருக்கு, அங்க கத்துக்கிட்ட உளிச்சத்தம் தெருவுல கேட்டுக்கிட்டே இருக்கும். ஆனா அந்தப் பாதையில நாங்க தாண்டிப் போன கிராமங்கள்ல யாரோட நிலம் யார் கையில இருக்குன்னு பஸ்ல ஒருத்தரும் பேசல. 1300 வருஷத்துப் பாறைக்கு எங்ககிட்ட நோட்ஸ் இருந்துச்சு. நூறு வருஷத்து நிலத்துக்கு நோட்ஸ் இல்ல.

அந்தக் கடலும் ஒரு தடவை வருஷக் கடைசியிலதான் வந்துச்சு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அரையாண்டு லீவு. கடல் முதல்ல உள்வாங்கி, மாமல்லபுரத்துல அதுவரைக்கும் யாரும் பார்க்காத பாறைகளைக் காட்டிட்டு, அப்புறம் சுனாமியா திரும்பி வந்துச்சு. அலை போனதும் மண்ணுக்கடியில இருந்த பழைய சிற்பங்கள் வெளிய தெரிஞ்சுது, தொல்லியல் துறை அங்க அகழாய்வு பண்ணுச்சு. உலகத்துக்கு அது செய்தி. கடற்கரை ஓரத்துப் பிள்ளைகளுக்கு ஜனவரியில ஸ்கூல் திறந்தப்போ புத்தகமும் இல்ல, பை வச்சிருந்த வீடும் இல்ல. கிறிஸ்துமஸ் குடில் இன்னும் பிரிக்கப்படாம இருந்த நேரம் அது.

2015 டிசம்பர் வெள்ளத்துல அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப் போச்சு. இந்தக் கடற்கரையில வருஷக் கடைசின்னா கொண்டாட்டம் மட்டும் இல்ல, மழையும் கடலும் கணக்கு கேட்கிற மாசமும் அதுதான்.

கடைசி நாள், கடைசிக் காகிதம்

மார்ச்சுக்கு வருவோம். உங்க அப்பா அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, அவங்க ஸ்கூல் எப்போ முடிஞ்சுதுன்னு. 1978க்கு முன்னாடின்னா பதினொண்ணாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோட ஸ்கூல் முடிஞ்சிடும், அப்புறம் கல்லூரியில பி.யு.சி. 1978லதான் பிளஸ் டூ வந்துச்சு. அதுக்கப்புறம் பிரிவு உபசார விழாவுக்கே வேற முகம். பதினேழு பதினெட்டு வயசுப் பசங்க, ஓட்டுப் போடற வயசைத் தொட்டுட்டவங்க, வெள்ளைச் சட்டையில இங்க் தெளிச்சுக்கிட்டு, ஆட்டோகிராஃப் நோட்டுல 'மறக்காதே'ன்னு எழுதிக்கிட்டு நிக்கறாங்க. ஒரே ஒரு வருஷம் கூடுதல்தான், ஆனா ஸ்கூல் முடியறதும் வாழ்க்கை ஆரம்பிக்கிறதும் ஒரே நாள்னு ஆக்கினது அந்த ஒரு வருஷம்.

அதுக்கப்புறம் ஒரு நாள் ஆபீஸ் ஜன்னல்ல வரிசை. டிசி. மாற்றுச் சான்றிதழ். என் வகுப்புல ஒருத்தன் இருந்தான், பேரு வேண்டாம். ஞாயிறு பூசையில கொயர்ல கீபோர்டு வாசிப்பான். அவனை நாங்க எல்லாரும் ஞானஸ்நானப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஜன்னலுக்குள்ள இருந்து கிளார்க் டிசி-ல இருந்த பேரை வாசிச்சார். அது வேற பேரு. யாரும் நகரல. இரண்டாவது தடவை வாசிச்சப்போ அவன் முன்னாடி போனான். பின்னாடி நின்ன நாங்க சிரிச்சோம். வருஷா வருஷம் அட்டெண்டன்ஸ்ல கேட்ட பேர்தான், ஆனா பூசைப் பேரே பழகிட்டதால அன்னிக்கு அது எங்களுக்கு ஜோக் மாதிரி இருந்துச்சு. அவன் சிரிக்கல. கையெழுத்துப் போட்டான், மடிச்சு சட்டைப் பையில வச்சான், போயிட்டான்.

அந்த இரண்டு பேருக்கும் நடுவுல ஒரு சட்டம் இருக்கு. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவரோட ஆணை ஒண்ணு வந்துச்சு. அதோட மூணாவது பத்திப்படி, பட்டியல் சாதிங்கற தகுதி இந்துக்களுக்கு மட்டும்தான். 1956ல சீக்கியர்களைச் சேர்த்தாங்க, 1990ல பௌத்தர்களைச் சேர்த்தாங்க. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளிய. தமிழ்நாட்டுல தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல வருவார். மாநில அரசோட சில உதவித்தொகைகள் அவங்களுக்கும் உண்டுதான். ஆனா பட்டியல் சாதிக்கான இடஒதுக்கீடு கிடையாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோட பாதுகாப்பும் கிடையாது. ஒரே தெரு, ஒரே குடும்பம், ஊர்க்காரன் பார்வையில ஒரே சாதி. காகிதத்துல மட்டும் வேற வேற. அதனாலதான் நிறைய வீடுகள்ல பூசைக்கு ஒரு பேரு, சர்டிஃபிகேட்டுக்கு ஒரு பேரு.

2007ல ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரிக்கச் சொல்லிப் பரிந்துரை பண்ணுச்சு. 2022ல நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில இதை ஆராய இன்னொரு ஆணையம் போட்டாங்க. இதுக்கு நடுவுல, விருப்பம் இல்லைன்னா டிசி-ல சாதி, மதம் போடாம விடலாம்னு தமிழ்நாட்டுல 1973லயே ஆணை இருக்கு. ஆனா அந்தக் கட்டத்தைக் காலியா விடறது யாருக்கு வசதி? அந்தக் கட்டத்தை நம்பிக் கல்லூரி சீட்டு எதிர்பார்க்கிறவனால அதைக் காலியா விட முடியுமா?

நம்ம எல்லாருக்கும் ஸ்கூல்னா ஆண்டு விழா, குடில், டூர். அவனுக்கும் அதெல்லாம் உண்டு. கூடவே இந்த ஜன்னலும் உண்டு.

2021

கேட்டுக்கிட்டு இருக்கிற உங்கள்ல சில பேர் 2021ல பிளஸ் டூ முடிச்சவங்களா இருப்பீங்க. உங்களுக்கு எதுவுமே கிடைக்கல. மார்ச் 2020ல மூடின ஸ்கூல், 2021 ஜனவரி 19ஆம் தேதி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் திறந்துச்சு. முகக்கவசத்தோட கொஞ்ச நாள். அப்புறம் ஜூன் 5ஆம் தேதி பொதுத்தேர்வே ரத்துன்னு அறிவிப்பு. ஆண்டு விழா இல்ல, டூர் இல்ல, இங்க் இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் கிடைச்சுது. டிசி.

அதாவது, கொண்டாட்டம் எல்லாத்தையும் எடுத்துட்டாலும் ஒரு பள்ளி கடைசியா கையில கொடுக்கிறது அந்தக் காகிதத்தைத்தான். அதுல நம்ம பேரும், நடத்தை 'நன்று'ங்கறதும் இருக்கும். நம்மகூட யாரு உட்கார்ந்திருந்தாங்கங்கறது இருக்காது.

ஆரம்பத்துல, ஆண்டறிக்கையில வராத ஒரு வரி இருக்குன்னு சொன்னேன் இல்லையா? இத்தனை மாணவர்கள், இத்தனை சதவீதம்னு வாசிச்சப்போ, அந்த எண்ணிக்கைக்குள்ள இரண்டு பேரோட வாழ்ந்தவங்க எத்தனைங்கற வரி வரல. அதை எந்தத் தலைமை ஆசிரியராலயும் வாசிக்க முடியாது, ஏன்னா அந்த வரி வெளிய தெரிஞ்சா ஒரு பையனோட சீட்டு போயிடும். அதனால பள்ளியைக் குறை சொல்லி நான் முடிக்கல. மானியத்துக்குக் கணக்குக் கொடுக்கப் பழகின ஒரு நிறுவனம், தன்னால கொடுக்க முடிஞ்ச கணக்கைக் கொடுக்குது. மிச்சக் கணக்கு கூடப் படிச்சவங்க பொறுப்பு.

1994ல செங்கல்பட்டுல இறந்த இரண்டு பேரை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன். ஜான் தாமஸ், ஏழுமலை. அவங்க கேட்டது ஒரே நிலத்துக்காக. அன்னிக்கு அந்தக் கூட்டத்துல யாரும் மதம் பார்த்துப் பிரிஞ்சு நிக்கல. பிரிச்சு எழுதறது காகிதம் மட்டும்தான்.

என் நண்பன் இப்போ என்ன பண்றான்னு கேட்பீங்க. நல்லா இருக்கான், வேலையில இருக்கான். போன வருஷம் பழைய மாணவர் சந்திப்புக்கு வந்திருந்தான். நெஞ்சுல ஒட்டிக்கிற பேர் அட்டை கொடுத்தாங்க. எல்லாரும் சட்டுனு எழுதி ஒட்டிக்கிட்டோம். அவன் ஸ்கெட்ச் பேனாவைக் கையில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னான். இந்தத் தடவை நாங்க யாரும் சிரிக்கல. அப்புறம் இரண்டு பேரையும் எழுதி, ஒட்டிக்கிட்டு உள்ள வந்தான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுக்குள்ள உங்க வீட்டு அலமாரியில அப்பாவோட டிசி-யோ, பாட்டியோட ஞானஸ்நானச் சான்றிதழோ இருந்தா எடுத்து ஒரு தடவை வாசிங்க. இரண்டுலயும் ஒரே பேரா இருக்கான்னு மட்டும் பாருங்க.